உளிக்குத் தப்பிய ஆம்ப்ளிஃபயரும் மற்ற பெட்டிகளும்

பெரம்பூர்

எங்கள் தெரு அம்மன் கோயில் ஆம்ப்ளிஃபயருக்குச் சம்பளமில்லாத மெக்கானிக் நான்தான். போன ஆடியில், கூழ் ஊற்றும் ஞாயிறுக்கு மூன்று நாள் இருக்கும்போது அது வாயை மூடிக்கொண்டது. திறந்தால் அவுட்புட்டில் இருந்த 2என்3055 பவர் டிரான்சிஸ்டர் இரண்டும் ஷார்ட். சின்ன வேலைதானே என்று வெள்ளிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போய், ஒரு கடையில் புதிதாக இரண்டு வாங்கி மாட்டினேன். ஒரு பாட்டு ஓடியது. இரண்டாவது பாட்டில் சரணம் வருவதற்குள் ஃப்யூஸ் போய்விட்டது.

கொண்டுபோய்க் காட்டினேன். "ஈயம் பட்ட பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்" என்றார்கள். அதுவும் ஒரு விதத்தில் நியாயம்தான், எரிந்தது என் தப்பா அதன் தப்பா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து ஒன்றின் மூடியை ஹேக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே சிலிக்கான் சில்லு மிளகில் பாதிகூட இல்லை. 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட் தாங்கும் என்று டேட்டா ஷீட் சொல்கிற சரக்கு! எழுத்து மட்டும் வெளியே பளபளவென்று இருந்தது. மாட்டுவதற்கு முன்னால் மீட்டரில் பார்த்தேனே என்றால், மீட்டர் அனுப்புவது ஒரு மில்லி ஆம்பியர் அளவு கரண்ட். அந்தப் பரீட்சையில் போலியும் பாஸாகிவிடும்.

சனிக்கிழமை பட்டாளம் ஏரியா பக்கம் ஒரு காயலான் கடைக்குப் போனேன். கடைப் பையன் தரையில் உட்கார்ந்து உளியும் சுத்தியலுமாக ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் பிளந்துகொண்டிருந்தான். தகடு ஒரு பக்கம், செம்புக் கம்பி ஒரு பக்கம். அடுத்து உளிக்குக் காத்திருந்தது ஒரு வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். 80களில் இங்கேயே அசெம்பிள் செய்து விற்றார்களே, மரப்பெட்டி, அலுமினிய முகப்பு, வரிசையாக நாப், அந்த ரகம். பின்பக்கம் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கில் நான்கு உலோகத் தொப்பிகள் தெரிந்தன, எல்லாம் 2என்3055. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் விலை கேட்டேன்.

"உள்ள செம்பு கீதுண்ணா. எடைக்கெல்லாம் வராது. முந்நூறு குடு."

250க்கு முடிந்தது. அவனுக்குச் செம்பு, எனக்குத் தொப்பி. இருவருக்குமே லாபம்தான்.

வீட்டில் பின்பலகையைக் கழற்றியதும் டிரான்ஸ்ஃபார்மர் இடுக்கில் காய்ந்த பல்லி முட்டை ஓடுகள். என் மனைவி அதைப் பார்த்ததோடு பெட்டி மொட்டை மாடிக்குப் போய்விட்டது. ஹீட் சிங்க் திருகுகள் துருப்பிடித்து அசையவில்லை. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திருகினேன், முனகிக்கொண்டே வந்தன. இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. டிரான்சிஸ்டருக்கு அடியில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு இருக்கும், வெங்காயச் சருகு மாதிரி. பழைய வெள்ளை பேஸ்ட் காய்ந்து இரண்டையும் ஒட்டவைத்திருக்கும். நெம்பினால் மைக்கா கிழிந்துவிடும். பல் தேய்க்கும் பிரஷ்ஷில் கொஞ்சம் தின்னர் தொட்டு ஓரமெல்லாம் ஊறவிட்டு, மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தினேன். திருகைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் புஷ் உருண்டு ஓடிவிடும், அதையும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 2என்3055க்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று முனை, அதில் உடம்பேதான் கலெக்டர். அந்தப் புஷ் இல்லாமல் மாட்டினால் கலெக்டர் நேராக ஹீட் சிங்கோடு ஷார்ட்.

நான்கும் கையில் வைத்தாலே கனத்தன. மீட்டரில் பேஸிலிருந்து இரண்டு பக்கமும் 0.6 வோல்ட் சுமார், கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் எந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. போலியும் இப்படித்தான் காட்டியது என்பதால் மீட்டரை நம்பாமல், 100 வாட் குண்டு பல்பு போட்ட சீரியஸ் போர்டில் வைத்துத்தான் கோயில் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்தேன். உள்ளே ஷார்ட் என்றால் பல்பு முழுசாக எரியும், ஆனால் ஒரு மின்னு மின்னி அடங்கியது. ஞாயிறு காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி பத்து வரை ஓடியது. தெருவில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் என்னைச் சபித்திருப்பார்கள்.

அதிலிருந்து பழைய செட் எது கிடைத்தாலும் எனக்கு ஒரு கணக்கு உண்டு. பவர் டிரான்சிஸ்டர், டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், நாப், டாகிள் சுவிட்ச், ஸ்பீக்கர் டெர்மினல் எல்லாம் கழற்றுவேன். எலெக்ட்ரோலைட்டிக் கண்டன்சரைத் தொடமாட்டேன். உள்ளே இருக்கும் திரவம் முப்பது நாற்பது வருடத்தில் காய்ந்திருக்கும், அதைப் போட்டால் 'உம்ம்ம்' என்று ஹம்தான் கேட்கும். சின்ன ரெசிஸ்டருக்காக உட்கார்ந்து ஈயம் உறிஞ்சுவதும் வீண்வேலை, புதிது சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. வேறு யாராவது என்னென்ன எடுத்தீர்கள்?

ராயபுரம்

எங்கள் வீட்டில் நான் கழற்றவே வேண்டியதில்லை அண்ணா, அப்பா கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 70களில் ரேடியோ மெக்கானிக். பரணில் பதினெட்டு ஹார்லிக்ஸ் பாட்டில். ஒன்றில் ஐஎஃப்டி எனும் ரேடியோவின் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் மட்டும், மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று தலையில் வண்ணம் வைத்தவை. ஒன்றில் ஏசி128, ஏசி127, எல்லாம் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். இன்னொன்றில் ஓஏ79 டயோடு. பாட்டிலுக்குள் இருந்தவை நன்றாக இருக்கின்றன. வெளியே இருந்தவற்றைக் கடல் காற்று விடவில்லை. ஸ்டேஷன் மாற்றும் கேங் கண்டன்சரின் அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பூ பூத்திருந்தது, அதன் பித்தளைப் பட்டையில் பச்சைக் களிம்பு. புளி போட்டுத் தேய்க்கலாமா என்று ஒரு நிமிடம் கை பரபரத்தது. தகடுகளுக்கு நடுவில் புளித் தண்ணீர் போனால் அவ்வளவுதான் என்று ஸ்பிரிட்டும் பிரஷ்ஷுமாக ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன்.

2020 லாக்டவுனில் மகளுக்குப் பொழுது போகவில்லை என்று அந்தக் கேங்கையும், பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் காயில் சுற்றிய ஃபெரைட் தண்டையும், ஒரு ஓஏ79ஐயும் வைத்துப் பேட்டரி இல்லாத ரேடியோ செய்தோம். ஃபெரைட் காயிலின் கம்பி முடியைவிட மெல்லிய இழைகள் சேர்ந்தது. ஒவ்வோர் இழைக்கும் எனாமல் பூச்சு இருப்பதால் ஈயம் பிடிக்கவே பிடிக்காது. அப்பா ஒரு ஆஸ்பிரின் மாத்திரை மேல் கம்பியை வைத்து அயர்னால் அழுத்துவார், பூச்சு உருகிவிடும். நானும் அப்படியே செய்தேன். அந்தப் புகை கண்ணில் பட்டால் மிளகாய் வறுத்த மாதிரி இருக்கும், ஜன்னலோரமாகச் செய்யுங்கள்.

எர்த்துக்குத்தான் திண்டாட்டம். அப்பா காலத்தில் தண்ணீர்க் குழாய் இரும்பு, இப்போது வீடு முழுக்க பிவிசி. கடைசியில் வாசலில் இருக்கும் அடிபம்புதான் கைகொடுத்தது. அதன் உடம்பில் கொஞ்சம் பெயின்டைச் சுரண்டி வயரைக் கட்டினோம். ஏரியல் மாடிக் கொடிக்கம்பி. கேட்பதற்கு ஒரு பழைய பஸ்ஸரின் பித்தளைத் தகடு, அதன் குறுக்கே ஒரு 47 கே ரெசிஸ்டர். 720 கிலோஹெர்ட்ஸ் சென்னை வானொலி மெல்லிசாக, ஆனால் தெளிவாக, செய்தி வாசித்தது. மகள் தகட்டைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "கரண்ட் எங்கம்மா வருது?" என்று நாலு தடவை கேட்டாள். தண்ணீர் பிடிக்க வந்த எதிர்வீட்டு அக்கா, பம்பில் என்ன வயர், ஷாக் அடிக்குமா என்று குடத்தோடு அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் புரியவைக்கத்தான் அதிக நேரம் ஆனது.

முடிச்சூர்

2015 டிசம்பரில் எங்கள் ஹாலில் இடுப்பளவு தண்ணீர். ஆம்ப்ளிஃபயர், டெக், ஸ்பீக்கர் எல்லாம் மூன்று நாள் சேற்றில். உடனே பிளக்கில் செருகாமல், நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி இரண்டு வாரம் வெயிலில் வைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஐசி எல்லாம் பிழைத்தது. டிரான்ஸ்ஃபார்மரும் பிழைத்தது. வால்யூம் கண்ட்ரோல் ஒன்றுகூடத் தேறவில்லை. ஸ்பீக்கரின் காகிதக் கோன் தோசைமாவு மாதிரி வழிந்துவிட்டது. மேக்னெட்டை எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டலாமென்று பார்த்தேன், திரும்பப் பிடுங்குவதற்குள் கதவில் கீறல் விழுந்துவிட்டது.

அசோக் நகர்

நான் உங்கள் அளவுக்கு அனுபவசாலி இல்லை, இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். பாட்டியின் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரைப் பிரித்தேன். மோட்டாருக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில் இருந்த ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருந்தது. அது தெரியாமல் தொட்டு, அந்தக் கையோடு ஸ்கிரீன் கதவைத் திறந்தேன். இன்றுவரை போகவில்லை, அம்மாவும் மறக்கவில்லை. மோட்டார் மட்டும் இப்போது என் புராஜெக்டில் சின்ன ஃபேனாகச் சுற்றுகிறது.

சிடி பிளேயர் ஒன்றும் கிடைத்திருக்கிறது. அதில் இருக்கும் லேசரை எடுத்து எரியவைத்துப் பார்க்கலாமா? அப்புறம், எல்லாம் கழற்றிய பிறகு வெறும் போர்டை என்ன செய்கிறீர்கள்?

பெரம்பூர்

தம்பி, லேசர் வேண்டாம். சிடி பிளேயர் லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எரிகிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும், அங்கேதான் ஆபத்து. வெளிச்சம் தெரியாததால் இமையும் மூடாது. அந்த லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் பளபளப்பான இரும்புத் தண்டையும் பல்சக்கரத்தையும் எடுத்துக்கொள், புராஜெக்டுக்கு அதுதான் உபயோகம்.

வெறும் போர்டை நான் அரிசிச் சாக்கில் சேர்த்து வைத்து, வருடத்துக்கு ஒரு தடவை பதிவு பெற்ற இ-கழிவு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். சாக்குக்கு அவர்கள் தருவது ஆட்டோ சத்தத்துக்குக்கூடக் கட்டாது. என்றாலும் காயலான் கடைக்குத் திரும்பப் போனால் வயரை எரித்துத்தான் செம்பு எடுப்பார்கள். அந்தக் கரும்புகையை ஒரு தடவை வியாசர்பாடிப் பக்கம் சுவாசித்திருக்கிறேன்.

ராயபுரம் தங்கச்சி, உங்கள் அப்பாவின் பாட்டிலில் ஏசி128 ஜோடி சேர்ந்த மாதிரி இரண்டு தேறுமா? என்னிடம் 60களின் கடைசியில் வந்த ஒரு ரேடியோ ஒற்றைக் காலில் நிற்கிறது. பதிலுக்கு மைக்கா தகடு, நல்ல இரட்டை கேங் ஒன்று, களிம்பு இல்லாமல், கொண்டுவருகிறேன். ஞாயிறு மத்தியானம் சரியா?

ராயபுரம்

சரி அண்ணா. ஆனால் மூன்று மணிக்கு மேல் வாங்க. அடிபம்பில் தண்ணீர் வருகிற நேரத்தில் எங்கள் தெருவுக்குள் வண்டி நுழையாது.