புதுப்பிப்பு: அண்ணனை மன்னிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தேனே

வாங்கிய பணத்தைத் திருப்பித் தராத அண்ணனை நினைத்தால், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடத்தில் வாய் அடைத்துக்கொள்கிறது என்று மூன்று மாதம் முன்பு புலம்பியிருந்தேன். பைபிளில் மத்தேயு 18-ஐ வாசிக்கச் சொன்னீர்கள்; ராஜாவிடம் பட்ட 10,000 தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஒரு வேலைக்காரன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன்வேலைக்காரனை மன்னிக்காமல் சிறையில் போட்டதாக இயேசு சொன்ன கதை அது. வாசித்தேன். ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. அப்படியானால் 100 வெள்ளிப்பணம் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. சின்னத் தொகையே இல்லை! என் நஷ்டம் நிஜம்தான் என்று இயேசுவே ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் அந்த 10,000 தாலந்தை (ஒரு தாலந்தே பல வருடக் கூலி) வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பேச்சு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அவர் எண்ணுக்குப் போட்டிருந்த பிளாக்கை எடுத்துவிட்டேன். கட்டைவிரல் திரைக்கு மேலேயே ரொம்ப நேரம் நின்றது. அவர் இதுவரை கூப்பிடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மறுபடி கடன் கொடுப்பேனா? மாட்டேன். அது வேறு கணக்கு.

கோபம் நேற்றுகூட எட்டிப்பார்த்தது. அதே அதிகாரத்தில், எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், 'ஏழுதரமட்டுமோ' என்று சீஷர் பேதுரு கேட்டார், இயேசு ஏழெழுபது தரம் என்றார்; எனக்கு இந்த ஒரே குற்றத்துக்கே ஏழெழுபது தரம் தேவைப்படும் போலிருக்கிறது. ஜெபத்தில் இப்போது அவர் பெயரைச் சொல்கிறேன். கொஞ்சம் வேகமாகத்தான் சொல்கிறேன்.