பொருள்: உள்மரமா, சினைமரமா, கிளைமரமா?

அன்புள்ள குழுவினருக்கு,

தரவுக் கட்டமைப்புப் பாடக்குறிப்பை நாளை மாலைக்குள் மாணவர்களிடம் கொடுத்தாக வேண்டும். ‘இருகிளை மரத்துக்குள் மீப்பெரு தேடுமரம்’ காணும் கணக்கில் ஒரு சொல் மட்டும் இன்னும் நிலைபெறவில்லை. (எண்ணைத் தாங்கும் ஒவ்வொரு கணுவுக்கும் கீழே இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இல்லாதது இருகிளை மரம்; அதில் எந்தக் கணுவை எடுத்தாலும் இடப்புறம் உள்ளவை எல்லாம் அதைவிடச் சிறியவையாகவும் வலப்புறம் உள்ளவை எல்லாம் பெரியவையாகவும் இருந்தால் அது தேடுமரம்.) ‘மீப்பெரு பொது வகுத்தி’ படித்தவர்களுக்கு ‘மீப்பெரு’ புதிதன்று. ‘தேடுமரம்’ என்றால் மரமே தேடுவதாகாதா என்று கேட்ட நண்பருக்கு, ஆடுகளமும் தானாக ஆடுவதில்லை என்பதே என் விடை.

சிக்கல், மரத்துக்குள் அடங்கிய சிறுமரத்தைக் (subtree) குறிக்கும் ‘உள்மரம்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. கணக்கில் உள்ள மரம் இது: வேர் 20; அதன் இடப்புறம் 12, அதன்கீழ் 9, 16; வலப்புறம் 30, அதன்கீழ் 18, 41; 41-இன் வலப்புறம் 50. ஒவ்வொரு கணுவையும் அதன் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டால் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். ஆனால் 20-இன் வலப்புறத்தில் 18 இருப்பதால் முழுமரம் தேடுமரம் ஆகாது. 30-ஐ வேராகக் கொண்ட 4 கணுக்களே விடை. சென்ற முறை ஒரு மாணவி 18-ஐ மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு 7 என்று எழுதினார். உள்ளே இருப்பது எதுவானாலும் உள்மரந்தானே என்ற அவருடைய வாதத்தில் என்னால் பிழை காண முடியவில்லை. ஒரு கணுவில் வெட்டினால் அதன்கீழ் உள்ள அனைத்தும் சேர்ந்து வர வேண்டும் என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். (புணர்ச்சி விதிப்படி அது ‘உண்மரம்’ ஆகி, உண்ணும் மரமாகவும் ஆகிவிடுகிறது.)

ஆகவே ‘சினைமரம்’ என்கிறேன். தொல்காப்பிய மரபியல் மரத்தின் உறுப்புகளுள் சினையையும் எண்ணுகிறது. இலக்கணத்திலோ முதலின் உறுப்பே சினை. அதே மரபியல் அகக்காழ் (உள்வயிரம்) உடையதையே மரம் என்பதால், கரும்புக்கும் மூங்கிலுக்கும் உரிய ‘கணு’ இங்கே ஆகாது என்று மூன்று மடல் எழுதியவரிடம் மட்டும் நான் வழக்காட வரவில்லை.

மறுமொழி:

ஐயா, ‘சினை’ என்றதும் வகுப்பில் சினைப்பசுவே நினைவுக்கு வரும். ‘கிளை’ என்பதற்கு உறவு என்ற பொருளும் உண்டு. பெற்றோர், பிள்ளை என்று கணுக்களைச் சொல்லும் இடத்தில் அது நன்கு பொருந்தும். நிரலும் அப்படித்தான் நடக்கிறது: ஒவ்வொரு கணுவும் தன் கிளை முழுவதற்கும் பொறுப்பேற்று, தேடுமரமா, எத்தனை கணுக்கள், சிறுமம் எது, பெருமம் எது என்ற நான்கையும் மேலே ஒப்படைப்பதால், கணுவுக்கு ஒரு முறை பார்த்தாலே போதும்.

மறுமொழி:

‘இருகிளை மரத்தின் கிளைமரம்’ என்பது நாவில் தடுக்குகிறது. ஆயினும் பெரும்பான்மைக்கு இணங்கி அதையே இட்டிருக்கிறேன். முதல் பக்கத்தின் அடிக்குறிப்பில் ‘சினைமரம்’ இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி யாரும் எழுத வேண்டாம்.