பிரெஞ்சு பாடும் கணினிக் குரல்: எந்த 'ர' வைப்பது?

ஓப்பன் உட்டாவில் (மெட்டும் வரியும் கொடுத்தால் கணினிக் குரலில் பாடும் மென்பொருள்) பிரெஞ்சுப் பாட்டு செய்து பார்த்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். நான் எடுத்தது பிரான்சில் குழந்தைகள் பாடும் பழைய பாட்டு, 'ஓ க்ளேர் த லா லூன்'. முதல் வரியின் மெட்டு ச ச ச ரி க ரி, அவ்வளவுதான். மெட்டு எளிது என்பதால் உச்சரிப்பில் உள்ள ஓட்டையெல்லாம் பளிச்சென்று தெரியும்.

'லூன்' பேச்சில் ஒரே அசை. கடைசி 'எ'யை பாரிஸ்காரர்கள் விழுங்கிவிடுவார்கள். பாட்டிலோ 'லூ' நீளமாக 'க'வில் நிற்க, 'ன' அதே நீளத்துக்கு 'ரி'யில் நிற்க வேண்டும். மென்பொருளின் அகராதி பேச்சு உச்சரிப்பைத் தருவதால் அந்த 'ரி'க்கு உயிரொலியே வரவில்லை. கையால் போட வேண்டியதுதான். நம்ம 'எ' போட்டால் பல்லைக் காட்டிப் பாடுவது போல இருந்தது. உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்லும் 'எ'யைப் போட்டு, ஒலியளவைக் கொஞ்சம் இறக்கினேன். உட்கார்ந்துவிட்டது.

'ர'தான் பெரிய தலைவலி. அடுத்த வரிகளில் வரும் 'பியெரோ'வில் இரண்டு உயிர்களுக்கு நடுவில் தொண்டை 'ர' அழகாக வருகிறது. 'ப்ரெத்' என்னும்போது, முன்னால் உள்ள 'ப'வோடு சேர்ந்து குரலை இழந்து வெறும் காற்றாகிறது. மனிதர் பாடினாலும் அப்படித்தான். ஆனால் கணினி அந்தக் காற்றில் சுருதியைத் தேடி, இல்லாததைக் கண்டுபிடித்து, இழுத்து வைக்கிறது. தகரத்தைச் சுரண்டும் சத்தம்! மெய்யெழுத்தைச் சுருக்கித் தாளத்துக்கு முன்னால் தள்ளினேன். 'எ' சரியாகத் தாளத்தில் விழுந்தது, சுரண்டலும் போனது.

மேற்கத்திய சாஸ்திரியப் பாடகர்கள் பிரெஞ்சுப் பாட்டிலும் நுனிநாக்கு 'ர' பாடுவது பழைய வழக்கம். அதையும் வைத்துப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் குழந்தைப் பாட்டுக்குத் தாத்தா வேஷம். பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் 'ர'வை உருட்டியதுகூடத் தொண்டையில்தான். தொண்டை 'ர'வையே வைத்துக்கொண்டேன்.

பாரிசிலிருந்து ஒருவர்:

தம்பி, 'பியெரோ'வுக்கு முன்னால் வரும் 'மொன் அமி'யை வடிவாகக் கேளுங்கள். தனியாகச் சொன்னால் 'மொன்' வெறும் மூக்கொலி, கடைசியில் 'ன்'னும் இல்லை 'ங்'கும் இல்லை. எங்கட ஆட்கள் அதில் 'ங்' சேர்க்காமல் விடமாட்டார்கள். 'அமி'யோடு சேரும்போதுதான் 'ன' பிறக்கும். அது அடுத்த ஸ்வரத்துக்குரியது: மோ, ன, மி. முதல் ஸ்வரத்தின் வாலில் 'ன்' ஒட்டியிருந்தால் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் 'ன' இரண்டு தரம் கேட்கும்.

புதுச்சேரியிலிருந்து ஒருவர்:

நல்ல பாட்டாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். 1860 ஏப்ரல் 9 அன்று எதுவார் லெயோன் ஸ்கொத் த மார்த்தென்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் புகைக்கரி பூசிய தாளில் அலைக்கோடாகப் பதிந்ததும் இதே பாட்டுதான். 2008இல் அந்தக் கோட்டைக் கணினியில் ஒலியாக்கினார்கள். முதலில் வேகம் கூடிப்போய் ஒரு சிறுமியின் குரல் என்று நினைத்தார்கள். அப்புறம் வேகத்தைக் குறைத்தால் ஆண் குரல், பாடியது ஸ்கொத்தேதான் என்று சொல்கிறார்கள்.

மொன்றியலிலிருந்து ஒருவர்:

பாட்டில் 'எக்ரீர் அன் மோ' என்று வருமே, அந்த 'அன்'னை என்ன செய்தீர்கள்? பாரிசில் அதைப் பெரும்பாலும் 'வென்' என்ற சொல்லில் வரும் மூக்கொலியோடு ஒன்றாக்கிவிட்டார்கள். இங்கே கியூபெக்கில் இரண்டும் வேறுவேறு, உதடு குவியாவிட்டால் உடனே காதில் உறுத்தும். முதலில் உங்கள் பாடகி எந்த ஊர்க்காரி என்று முடிவு செய்யுங்கள்.

தொடங்கியவர்:

மொன்றியல் நண்பருக்கு: என் வாய்ஸ் பேங்கில் (கணினிக் குரலுக்காகப் பதிந்துவைத்த ஒலித் தொகுப்பு) அந்த ஒலியைப் பதிவே செய்யவில்லை. ஆகவே அவள் பாரிஸ்காரி. பாரிஸ் அண்ணன் சொன்ன வாலை வெட்டிவிட்டேன், 'மோனமி' இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது.