பழைய ஸ்பீடிங் டிக்கெட்டை என்-400 படிவத்தில் எழுத வேண்டுமா?

தறிமேடை:
அமெரிக்கக் குடியுரிமைக்கு என்-400 நிரப்புகிறேன். போலீஸ் எப்போதாவது கைது செய்ததா, சைட்டேஷன் (மீறலைக் குறித்துப் போலீஸ் எழுதித் தரும் நோட்டீஸ்) கொடுத்ததா என்று கேட்கும் இடத்தில் நிற்கிறது. ஸ்பீடிங் டிக்கெட்டுகள் (வேக வரம்பைத் தாண்டியதற்கான அபராதச் சீட்டு) உண்டு, அபராதம் கட்டியாயிற்று. ஒன்று ஐந்து வருடத்துக்கு முந்தையது. சின்ன அபராதத்தை எழுதத் தேவையில்லை என்கிறார்கள் சிலர். சரியா?

கார்முகில்:
எழுதுங்கள். டிக்கெட்டும் சைட்டேஷன்தான். கேள்வியில் "எப்போதாவது" என்று இருக்கும்போது ஐந்து வருடக் கணக்கு உதவாது. அந்த ஐந்து வருடம் நன்னடத்தையை எடைபோடும் காலம் (குடியுரிமை உள்ள துணைவர் வழியாக என்றால் மூன்று வருடம்).

குழப்பத்துக்குக் காரணம் படிவ விளக்கக் குறிப்பில் உள்ள விலக்கு. கைது இல்லாமல், மது, போதை சம்பந்தம் இல்லாமல், 500 டாலருக்குக் குறைந்த அபராதமோ லைசென்ஸில் ஏறும் மீறல் பாயின்டோ மட்டும்தான் தண்டனை என்றால் ஆவணம் இணைக்க வேண்டியதில்லை. "ஆவணம் வேண்டாம்" என்பதை "சொல்லவே வேண்டாம்" என்று படித்துவிடுகிறார்கள்.

ஓரிரு டிக்கெட்டுக்காக மனு நிராகரிக்கப்படுவது அபூர்வம். நேர்காணலில் சத்தியம் செய்துவிட்டுத் தெரிந்தே "இல்லை" என்றால், அந்தப் பொய்யே நிராகரிக்கப் போதும்.

நெல்லிமரம்:
தேதிகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள். டிஎம்வியில் (மாநில வாகன, லைசென்ஸ் அலுவலகம்) முழு டிரைவிங் ரெக்கார்டு கேளுங்கள். மூன்று வருட ரெக்கார்டில் பழையது வராது. பிறகு டிக்கெட் விழுந்த கவுன்ட்டி கோர்ட்டின் கிளார்க்கிடம் சான்றொப்பமிட்ட டிஸ்பொசிஷன் (வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும் ஆவணம்) வாங்குங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பணம் போனது தெரியும், வழக்கு முடிந்தது தெரியாது. கோர்ட் பதிவை அழித்திருந்தால், பதிவு இல்லை என்று கிளார்க் தரும் கடிதம் போதும். கோர்ட் கட்டணம் சேர்ந்து 500-ஐத் தொடுகிறதென்றால் வாதாடாமல் இணைத்துவிடுங்கள்.

கட்டாமல் விட்டதுதான் நிஜத் தலைவலி. கோர்ட் தேதி தவறினால் பல மாநிலங்களில் வாரன்ட் வரை போகும். அப்புறம் அது வெறும் டிக்கெட் இல்லை.

கார்முகில்:
இன்னொன்று, "டிக்கெட்" என்ற பெயரை வைத்து ஏமாறக் கூடாது. வர்ஜீனியாவில் மணிக்கு 85 மைலைத் தாண்டினாலோ, வரம்பைவிட 20 மைல் கூட ஓட்டினாலோ ரெக்லெஸ் டிரைவிங் (பொறுப்பற்று வண்டி ஓட்டுதல்). அது குற்ற வழக்கு, 12 மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. ப்ரொபேஷனில் (சிறைக்குப் பதில் கோர்ட் விதிக்கும் கண்காணிப்புக் காலம்) இருக்கும்வரை என்-400-க்கு ஒப்புதல் கிடைக்காது. எக்ஸ்பஞ்ச் ஆன (கோர்ட் உத்தரவால் பதிவு நீக்கப்பட்ட) வழக்கையும் எழுதத்தான் வேண்டும்.

2025 ஆகஸ்ட்டில் யூஎஸ்சிஐஎஸ் (குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) வெளியிட்ட மெமோ, அடிக்கடி போக்குவரத்து விதி மீறுவதையும் நன்னடத்தைக் கணக்கில் பார்க்கலாம் என்கிறது. வரிசையாக டிக்கெட் இருந்தால் அனுப்புமுன் வக்கீலிடம் காட்டுவது நல்லது.

தறிமேடை:
பார்க்கிங் டிக்கெட்? ஏற்கெனவே "இல்லை" என்று போட்டு அனுப்பியவர்கள் என்ன செய்வது?

நெல்லிமரம்:
பார்க்கிங்கில் வக்கீல்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. பாக்கி இல்லாமல் கட்டிவிடுங்கள். தவறாக அனுப்பியவர்கள், நேர்காணலில் அதிகாரி அந்தக் கேள்விக்கு வருமுன் தாங்களே சொல்லி, டிஸ்பொசிஷனை நீட்ட வேண்டும். அவர் படிவத்தில் திருத்துவார், முடிவில் திருத்தங்களுக்குச் சேர்த்துக் கையெழுத்து வாங்குவார்.