‘ஒன்-மேக் ரேசிங்’: தமிழில் எப்படிச் சொல்வது?

தி. எழுதியது:
நண்பர்களுக்கு வணக்கம். தானுந்துப் பொறியியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் ஓர் இயலை அனுப்பியாக வேண்டும். சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரை, எல்லாரும் ஒரே மாடலில் மோதும் பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றுவது பற்றியது. கம்பளம், பின்னிருக்கை, இரைச்சல் தடுக்கும் அட்டைகள் எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைப்பது, எஃகுக் குழாய்க் கூண்டை உடற்கூட்டோடு பற்றவைப்பது, ஆறுமுனை இருக்கைப் பட்டை, தீயணைப்பான், வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயர், யாரும் எஞ்சினைத் திறக்காதபடி முத்திரை, இவையெல்லாம் வந்துவிட்டன. ‘ஒன்-மேக் ரேசிங்’ என்ற தலைப்புச் சொல்தான் நிற்கிறது. ‘ஓரினப் பந்தயம்’ என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

வே. எழுதியது:
ஓரினம் வேண்டாம் ஐயா. அந்தச் சொல் இன்று வேறொரு பொருளில் ஊன்றிவிட்டது. தவிர, எல்லா ஸ்போர்ட்ஸ் கார்களும் ஓரினம்தானே? ‘ஒரே ரகக் கார் பந்தயம்’ என்றால் கேட்டவுடன் புரியும்.

அ. எழுதியது:
ரகம் உருது வழியாக வந்த சொல், பாடநூலில் அதை நிலைநிறுத்த வேண்டாம். ‘நிகர்ப் பந்தயம்’ என்கிறேன். நன்னூலார் உவம உருபுகளை அடுக்கும்போது நேர, நிகர என்று அடுத்தடுத்தே வைக்கிறார். எல்லாக் கார்களும் ஒன்றையொன்று நிகர்ப்பவை, வேறுபாடு ஓட்டுபவரிடம் மட்டும்: இந்தப் பந்தயத்தின் சாரமே அதுதான். சங்கப் பாடல்களில் ‘நிகர்மலர்’ என்று வருமிடத்தில் நிகருக்கு ஒளி என்றும் பொருள். ஒளிர்வதும் ஒத்திருப்பதும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவையா என்பது தனியே பேச வேண்டியது. அப்புறம், வே. அவர்களே, ‘கார்ப் பந்தயம்’ என்று ஒற்று மிக வேண்டும், தேர்த் திருவிழா போல.

செ. எழுதியது:
இந்தப் பாடத்தை வகுப்பில் எடுப்பவள் என்பதால் சொல்கிறேன். நிகர எடை, நிகர லாபம் என்று படித்து வந்த மாணவர்களுக்கு நிகர் என்றதும் கழித்தது போக மிஞ்சியது என்றுதான் தோன்றும். இந்த இயலிலோ பக்கத்துக்குப் பக்கம் எடை பேசப்படுகிறது.

‘மேக்’ என்றால் தயாரிப்பு நிறுவனம் என்பதைப் பிடித்துக்கொண்டு ‘ஒரு நிறுவனப் பந்தயம்’ என்று யாரும் கிளம்பவும் வேண்டாம். போர்ஷே 1986இல் 944 டர்போ காருக்கென்று ஜெர்மனியில் ஒரு கோப்பை நடத்தியது. 1990இல் அதன் இடத்தில் 911 கார்களுக்கான கரேரா கோப்பை வந்தது. நிறுவனம் ஒன்றே, ஆனால் இரண்டு மாடல்களையும் ஒரே கோப்பையில் கலந்து ஓடவிடவில்லை. ஆக மாடலும் அதன் மாற்றங்களும் ஒன்றாக இருப்பதைச் சொல் காட்ட வேண்டும். ‘ஒரேவகைக் கார்ப் பந்தயம்’ போதும்.

அ. எழுதியது:
செ. அம்மா, நிகர லாபத்தில் இருப்பது ‘நிகர’, நான் சொல்வது ‘நிகர்’. 1979இல் பி.எம்.டபிள்யூ எம்1 கார்களை மட்டும் வைத்து நடந்த புரோகார் தொடரில் ஃபார்முலா 1 ஓட்டுநர்களையும் மற்றவர்களையும் ஒரே மாதிரிக் கார்களில் மோதவிட்டார்கள், ஃபார்முலா 1 ஓட்டுநர் நிகி லாடா வென்றார். அதை ‘ஒரேவகை’ என்றால் கடைச் சரக்கைப் பிரித்து வைத்தது போல இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற பொருள் அதில் எங்கே?

வே. எழுதியது:
ஒப்பீட்டை விளக்கம் சொல்லட்டும், தலைப்புச் சொல்லே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. நான் ரகத்தை விட்டுவிட்டு ஒரேவகைக்கு வருகிறேன். ஆனால் தி., கூண்டுக்கு என்ன போட்டீர்கள்? ‘உருள்கூண்டு’ என்றால் வினைத்தொகையாகி, கூண்டே உருள்கிறது என்றாகும். கார் உருண்டாலும் ஆளைக் காப்பது அது. ‘காப்புக் கூண்டு’ என்று போடுங்கள்.

தி. எழுதியது:
உருள்கூண்டு என்றுதான் இருந்தது, காப்புக் கூண்டு என்று மாற்றிவிட்டேன். தலைப்பில் ‘ஒரேவகைக் கார்ப் பந்தயம்’ போகிறது. மூவர் ஒத்துக்கொண்டதாகக் கொள்கிறேன், நேரமும் இல்லை. அ. ஐயா, சொல்லடைவில் நிகர்ப் பந்தயத்தையும் சேர்க்கட்டுமா?

அ. எழுதியது:
சேருங்கள். ஆனால் ஒரேவகைக்கு நான் உடன்படவில்லை என்பதும் குழுவில் பதிவாகட்டும். நிகர்மலர் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.