பூ காயாகுறத கண்ணால பாத்தவங்க இருக்கீங்களா? மனசுல நிக்கிற ஒண்ண சொல்லுங்க

மாடித்தோட்டக்காரி:
நானே ஆரம்பிக்கறேன். சொரக்கா சாயங்காலம்தான் விரியும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுல பிஞ்சோட பெண்பூ வரும், மஞ்சளாகி விழும், இதே கதைதான் ஓடிட்டு இருந்துச்சு. ஒருநாள் கரண்ட் போச்சுன்னு மாடிக்கு வந்தேன், வெள்ளைப்பூ மட்டும் இருட்டுல பளிச்னு தெரியுது, அதுக்கு முன்னாடி குருவி சைஸ்ல ஒண்ணு பூ மேல உக்காராமலே அந்தரத்துல நிக்குது. டார்ச் அடிச்சா அந்துப்பூச்சி! சுருட்டி வெச்ச குழலை நீட்டி ஆண்பூவுக்குள்ள விட்டு எடுத்துச்சு, மூஞ்சி பூரா மகரந்தம், அப்படியே பக்கத்துல இருந்த பெண்பூவுக்கு போச்சு. அந்தப் பிஞ்சு விழல, காயாச்சு. அந்தப் பூச்சி மறுபடி வரவே இல்லங்க, அதான் எனக்கு இன்னும் உறுத்துது.

தோப்புக்காரன்_பொள்ளாச்சி:
எங்க பக்கம் வெனிலாவுக்கு வெல ஏறுனப்ப தென்னந்தோப்புக்குள்ள எல்லாரும் கொடி போட்டாங்க. பூ விடியக்காலம் விரியும், மதியத்துக்குள்ள வாடிடும், அதுக்குள்ள ஒவ்வொரு பூவையும் கையாலதான் சேத்து விடோணும். உள்ள மகரந்தத்துக்கும், அது போய் ஒட்டவேண்டிய சூல்முடிக்கும் நடுவால சின்னதா ஒரு தோல் மறைச்சுட்டு நிக்கும். எங்க அம்மிச்சி ஈர்க்குச்சிய சீவி அந்தத் தோலைத் தூக்கி, கட்டவெரலால ஒரு அமுக்கு அமுக்கும், அவ்வளவுதானுங்க, பேசிட்டே அடுத்த பூவுக்கு போயிரும். சேராத பூ மறுநாளே கொட்டிரும், சேந்தது வாடியும் கொடிய விடாது. இந்த வித்தைய 1841ல ரீயூனியன் தீவுல எட்மண்ட் அல்பியஸ்ங்கற 12 வயசு அடிமைப் பையன் கண்டுபுடிச்சான்னு பின்னாடிதான் படிச்சேன். மெக்சிகோல இருந்து கொடி வந்துருச்சு, ஆனா அத சேத்து விடுற பூச்சி கூட வரல, அதனால வருசக்கணக்கா பூத்தும் காய் இல்லாமயே கெடந்திருக்கு. உலகம் பூரா பண்றது அந்தப் பையனோட வழிதான், அவனுக்கு அதுல பெருசா காசு எதுவும் கெடைக்கலீங்க.

இயற்கை_உழவன்:
@மாடித்தோட்டக்காரி பூச்சிய நம்பி உக்காந்தா ஆகாது சிஸ்டர். சாயங்காலம் 6 மணிக்கு மேல புதுசா விரிஞ்ச ஆண்பூவ பறிச்சு இதழ எல்லாம் பிச்சுட்டு நடுத்தண்ட பெண்பூ நடுவுல மெதுவா தடவுங்க, ஒரு பெண்பூவுக்கு ரெண்டு ஆண்பூ வெச்சுக்கோங்க. பெண்பூவே கம்மின்னா 3ஜி கட்டிங் பண்ணுங்க, அதாவது மெயின் கொடி நுனிய கிள்ளணும், அப்புறம் பக்கக்கிளை நுனியையும் கிள்ளணும், அதுக்கப்புறம் வர்ற கிளைலதான் பெண்பூ நெறைய. தேங்காப்பாலும் மோரும் கலந்து புளிக்க வெச்ச தேமோர் கரைசல் அடிங்க. வேப்பெண்ணெய்ய பூ விரியற நேரத்துல அடிக்கவே அடிக்காதீங்க. மாடி லைட்ட அணைச்சு வைங்க. பூச்சி வர்றதுக்கு பக்கத்துல துளசி, செண்டுமல்லி வைங்க. என் அனுபவம்னா, பப்பாளில ஆண் மரம்னு பக்கத்து தோட்டத்துல எல்லாத்தையும் வெட்டிட்டாங்க, அப்புறம் அங்க இருந்த பெண் மரத்துல காய் கொறஞ்சு போச்சு. அவ்ளோதான்.

மாடித்தோட்டக்காரி:
அண்ணா நான் வழி கேக்கவே இல்லயே, அந்தப் பூச்சிய பத்திதான சொன்னேன் 😄

ஆத்தங்கரை:
உழவன் சார், துளசிக்கு பகல்ல தேனீ வரும், ராத்திரி அந்துப்பூச்சிக்கு அதுல என்ன வேலை?
என் கதை நாட்டு அத்தி. ஆத்தோரம் கொத்துக்கொத்தா மரத்தண்டுலயே காய்க்குமே, அதான். பழுத்தத ஒண்ண ரெண்டா பொளந்தேன், உள்ள இருந்து தூசி கிளம்புற மாதிரி குட்டிக் குட்டி குளவி பறந்துச்சு, கைல ரெக்கை இல்லாத சிலது ஊர்ந்துச்சு. அதுங்க ஆணாம், உள்ளயே பொறந்து ஜோடி சேந்து, பொண்ணுங்க வெளிய போக ஓட்டை போட்டுட்டு செத்துப்போகுமாம். பூவெல்லாம் காய்க்கு உள்ளயே இருக்கு, மகரந்தத்த சுமந்துட்டு அடுத்த காய்க்குள்ள நுழையறப்ப பொண்ணுக்கு ரெக்கையே பிஞ்சிடும். அன்னைல இருந்து அத்திப்பழம் வாய்ல வைக்க முடியல.

சைவப்பிரியை:
@ஆத்தங்கரை இப்படி பயமுறுத்தாதீங்க ப்ளீஸ். புனே பக்கம் இருந்து வர்ற சீமை அத்திக்கு குளவியே தேவையில்ல, மகரந்தம் சேராமலே பழுக்கும். ஸ்மிர்னாங்கற அத்தி ரகத்துக்குத்தான் குளவி வேணும், அதுக்காக கலிபோர்னியாக்காரங்க 1899ல குளவிய வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்து விட்டாங்க. எங்க வீட்டுல பாதி டப்பா அத்தி இருக்கு, நான் சாப்பிடத்தான் போறேன்.