மறு: வாய்ஸ் ஓவர் மாண்டேஜுக்கு ஒரு சொல்

> "குரல்வழிப் படத்தொகுப்பு" என்று வைத்துவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

செம்பூர் அண்ணா, எளிமைதான். ஆனால் படத்தொகுப்பு என்பது எடிட்டர் வேலைக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. பிரெஞ்சில் மாண்டேஜ் என்றாலே எடிட்டிங்தான். நமக்கு வேண்டியது திரைக்கதைத் தாளில் எழுதுவதற்கான சொல். ஒருவர் பேசிக்கொண்டே போகிறார், கூடவே துண்டு துண்டாகக் காட்சிகள், ஒரே பக்கத்தில் பத்து வருடம் கடந்துவிடுகிறது. ஷூட்டிங்குக்கு முன்பே எழுத்தாளர் முடிக்கிற காரியம் இது.

"பின்னணிக் குரல்" எனக்குச் சூடு போட்ட சொல். டப்பிங் பேசுவதையும் அப்படித்தானே சொல்கிறோம்? போன மாதம் அந்தேரியில் ஒரு இந்தித் தொடரைத் தமிழாக்கும்போது தாளில் அப்படி எழுதிக்கொடுத்தேன். பக்கத்து அறையில் யாரோ பேசுகிறார்கள் என்று ஒலிக்கூடத்தில் நினைத்து, சுவருக்கு அப்பால் கேட்பது மாதிரி குரலை மந்தமாக்கிவிட்டார்கள். கதைப்படி அந்தப் பாட்டி செத்து இருபது வருடம்! முகம் தெரியாமல் அதே இடத்திலிருந்து பேசுவது வேறு, காட்சிக்கு வெளியே வேறொரு காலத்தில் நின்று பேசுவது வேறு. ஆங்கிலத் திரைக்கதையில் முன்னதற்கு ஓ.எஸ். (ஆஃப் ஸ்க்ரீன்), பின்னதற்கு வி.ஓ. (வாய்ஸ் ஓவர்) என்று தனித்தனிக் குறி உண்டு.

வி.ஓ.வுக்குக் "கூற்று" போதும். தலைவி கூற்று, தோழி கூற்று என்று அகப்பாட்டுக்குப் போடுகிறோமே, அதேதான். கூற்று என்றால் ஆசாபாசம் உள்ள ஓர் ஆள் பேசுகிறார். 1948இல் இங்கே பம்பாயில் தொடங்கிய அரசு நிறுவனம் ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்களைத் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் போடுவார்களே, அதில் வருவது கூற்று இல்லை, வருணனை.

மாண்டேஜுக்கு "சரம்". மாட்டுங்கா பூக்கடையில் தொடுப்பதைப் பார்த்தால் புரியும். குரல் நார், காட்சிகள் பூ. "அப்பா எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை" என்று மகள் சொல்லும்போது, அப்பா அடகுக்கடை வாசலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறார். அப்புறம் வெறும் மணிக்கட்டோடு பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். மகள் சொன்னதையே படமும் காட்டியிருந்தால் குரலை வெட்டிப் போட்டுவிடலாம்.

ஆக, "கூற்றுச் சரம்". சரம் என்று வைத்தால் கோக்கலாம், முடியலாம், நடுவில் அறுக்கவும் செய்யலாம். படத்தொகுப்பை வைத்து இதெல்லாம் முடியுமா?

— மாட்டுங்காவிலிருந்து

> ஆக, "கூற்றுச் சரம்".

தம்பி, கூற்று என்றால் யமன். சரம் என்றால் அம்பு. யமன் விட்ட அம்பு என்று படிக்கிற புலவர் யாராவது கிளம்பி வருவார். "குரற்சரம்" என்று வையேன், சின்னதாகவும் இருக்கிறது.

— டோம்பிவிலி அக்கா

அக்கா, குரற்சரம் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவசரத்தில் டைப் அடிக்கிறவர்கள் "குரல்ச்சரம்" என்றுதான் அடிப்பார்கள். தவிர, குரல் யாருடையது என்ற கேள்வியே அதில் எழாது. "பாட்டி கூற்றுச் சரம்" என்று எழுதிப் பாருங்கள், ஆள் வந்து உட்கார்ந்துவிடுகிறார். யமன் விஷயம் நியாயம்தான், ஆனால் எங்கள் தொடரில் பேசுகிறவளே செத்துப்போன பாட்டி. யமன் வந்தாலும் பொருத்தம்தான்.

அடுத்த அத்தியாயத்தில் "கூற்றுச் சரம் – தொடக்கம்", "கூற்றுச் சரம் – முடிவு" என்றே எழுதி அனுப்புகிறேன். ஒலிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தால் இங்கே வந்து சொல்கிறேன்.

— மாட்டுங்கா